பௌர்ணமிக்கு ரூம் யாருக்கு?

எங்கள் கல்லூரி விடுதிக்குப் புதிதாக வந்திருக்கும் காப்பாளர் சென்ற மாதம் எனக்குப் போன் செய்தார். இந்த ஆண்டிலிருந்து விடுதி அறையை மாணவிகள் போனிலேயே தேர்ந்தெடுத்துக்கொள்ளலாமாம். பஸ்ஸில் ஜன்னலோரம் பார்த்து சீட் போடுகிற மாதிரி, கட்டிலைத் தொட்டால் அது பச்சையாகிவிடுமாம். விடுதியில் இடம் கிடைக்காத முதலாண்டுப் பிள்ளைகளுக்காக, வெளியே வாடகைக்கு இருக்கும் அறைகளின் படங்களையும் அதிலேயே போடப் போகிறார்களாம். "நீங்க ரூம் பாக்கப் போனா என்னென்ன பாப்பீங்க மேடம்? எழுதிக் குடுத்தீங்கன்னா அப்படியே ஏத்திடுவோம்" என்றார்.

சரி என்று உட்கார்ந்தேன். தண்ணீர், தாழ்ப்பாள், வெளிச்சம் என்று எழுதியதற்கு மேல் பேனா ஓடவில்லை. அதற்கு மேல் எனக்குத் தெரிந்ததெல்லாம் பவித்ரா என்ற பெண்ணோடு சேர்ந்துதான் நினைவுக்கு வருகிறது. ஆகையால் முழுவதையும் எழுதிவிடுகிறேன். வேண்டியதை அவர் எடுத்துக்கொள்ளட்டும்.

நான் இந்த வேலைக்கு ஆசைப்பட்டு வந்தவள் இல்லை. கல்லூரி அலுவலகத்தில் தட்டச்சராகச் சேர்ந்தவள். அப்போதிருந்த விடுதிக் காப்பாளர் பிரசவத்துக்குப் போனார். "கொஞ்ச நாள் பாத்துக்கோங்க" என்று என்னை அனுப்பினார்கள். அந்தக் கொஞ்ச நாள் நான் ஓய்வு பெறும்வரை நீண்டது. எந்தக் குழாய் எப்போது வறளும், எந்தப் பெண் முதல் வாரம் அழுவாள், எவள் இரண்டாம் மாதம் அழுவாள் என்பதெல்லாம் தானாகப் பழகிவிட்டது. ஒரு பெண் சாம்பாரைக் குறை சொல்ல ஆரம்பித்துவிட்டால் நான் நிம்மதியாகத் தூங்குவேன். அவள் இனி ஊருக்கு ஓட மாட்டாள்.

விடுதியில் கட்டில்கள் கம்மி, கேட்டு வருகிற பிள்ளைகள் ஜாஸ்தி. மிஞ்சியவர்கள் எங்கே தங்குகிறார்கள் என்று நெடுங்காலம் யாரும் கேட்டதில்லை. எங்கள் முதல்வர் வந்த பிறகுதான் அதை ஒரு வேலையாக ஆக்கினார். அவர் இயற்பியல் பேராசிரியை. குரலை உயர்த்தி நான் கேட்டதே இல்லை. "பார்க்கலாம்" என்றார் என்றால் முடியாது என்று பொருள். என்னைத் திரும்பிப் பார்த்து "பாத்துட்டு வாங்க" என்றால் முடிந்துவிட்டது என்று பொருள். இந்த இரண்டும் தெரியாமல் "பார்க்கலாம்" கேட்டுவிட்டுச் சந்தோஷமாக வீட்டுக்குப் போன பேராசிரியர்கள் பல பேர்.

அவர் வகுத்த முறை இதுதான். விடுதி கிடைக்காத ஒவ்வொரு முதலாண்டு மாணவியும், அழைத்து வந்தவரோடு அவர் அறைக்கு வர வேண்டும். மேசைக்கு முன்னால் இரண்டு நாற்காலி. ஒன்று பெண்ணுக்கு, ஒன்று அப்பாவுக்கோ அம்மாவுக்கோ. கிராமத்திலிருந்து வரும் பிள்ளைகள் பலர், அதிகாரி முன்னால் அப்பாவுக்குச் சமமாக உட்காரக் கூசி, நாற்காலியின் முதுகைப் பிடித்துக்கொண்டு நிற்பார்கள். முதல்வர் ஒரு தடவை "உக்காரும்மா" என்பார். மறு தடவை சொல்ல மாட்டார். மூக்குக்கண்ணாடியைக் கழற்றிப் புடவைத் தலைப்பால் துடைக்க ஆரம்பித்துவிடுவார். கடைசியில் அப்பாவே "உக்காரேன், மேடம் சொல்றாங்க இல்ல" என்று சொல்ல வேண்டி வரும்.

உட்கார்ந்த பிறகு கேட்பார்: "நீ எங்க தங்கப் போற?" பெரும்பாலும் அப்பாதான் பதில் சொல்வார். முதல்வர் அதை மரியாதையாகக் கேட்டுத் தலையாட்டிவிட்டு, பெண்ணைப் பார்த்து அதே கேள்வியை அதே குரலில் மறுபடி கேட்பார். அவள் வாயால் ஓர் இடம் வரும்வரை அந்த அறையைவிட்டு யாரும் வெளியே போனதில்லை. வராந்தாவில் வரிசை நின்று முணுமுணுக்கும். எனக்கே பொறுமை போய்விடும். அவருக்குப் போகாது.

அதன் பிறகு என் வேலை. அவள் சொன்ன வீட்டுக்கு நான் போய்ப் பார்த்துவிட்டு வர வேண்டும். கதவை உள்ளே இருந்து சாத்தித் தாழ்ப்பாளை இழுத்துப் பார்ப்பேன். காலை நேரத்தில் போய்க் குழாயைத் திறப்பேன். குளியலறைக்குப் போக யார் யாரைத் தாண்ட வேண்டியிருக்கிறது என்று நடந்தே பார்ப்பேன். ரமணாசிரமம் பக்கம் நல்ல அறைகள் உண்டு. ஆனால் வெளிநாட்டுக்காரர்கள் தங்குகிற அந்த அறைகளின் வாடகையைக் கேட்டுவிட்டு எங்கள் பிள்ளைகள் சிரித்துக்கொண்டே திரும்பிவிடுவார்கள். அவர்களுக்குக் கிடைப்பது கிரிவலப் பாதையையொட்டிய தெருக்களில், கீழே வீட்டுக்காரர் குடியிருக்க, மாடியில் நாலு பேருக்கு ஓர் அறை. எல்லாம் பார்த்து முடித்த பிறகு வீட்டுக்காரரிடம் கடைசியாக ஒன்று கேட்பேன்: "பௌர்ணமிக்கு ரூம் யாருக்கு?"

வெளியூர்க்காரர்களுக்கு இந்தக் கேள்வி புரியாது. மற்ற ஊர்களில் வாடகைக்கு விட்ட அறை மாதம் முழுவதும் குடியிருப்பவருடையது. இங்கே பௌர்ணமி அன்று மட்டும் அது திரும்ப வீட்டுக்காரருடையதாகிவிடும். மலை சுற்ற வருகிற கூட்டத்துக்கு லாட்ஜ் போதாது. ஒரு ராத்திரிக்குக் கால் நீட்ட இடம் கிடைத்தால் போதும் என்று கேட்ட வாடகையைக் கொடுப்பார்கள். "ரெண்டு நாள் ஊருக்குப் போயிட்டு வாங்கம்மா" என்று வீட்டுக்காரர்கள் பிள்ளைகளை அனுப்பிவிடுவார்கள். பிள்ளைகளும் பாயைச் சுருட்டி மூலையில் வைத்துவிட்டுப் போய், திரும்பி வந்து பார்த்தால் அறை முழுக்கப் புளிசாதத்தின் வாசனை இருக்கும். சாமி பார்க்க வருகிறவர்களுக்கு இடம் கொடுப்பதை யார் தப்பு என்று சொல்வார்கள்? பிள்ளைகளே சொன்னதில்லை. பௌர்ணமிக்குக் கல்லூரி விடுமுறை கிடையாது. அதே பிள்ளைகள் மாதாமாதம் வகுப்புக்கு வராமல் போவதைப் பார்த்து முதல்வர்தான் விசாரித்தார். அன்றிலிருந்து இந்தக் கேள்வி என் வேலையில் சேர்ந்தது. பதிலை வீட்டுக்காரர் அந்தப் பெண்ணின் முன்னால் சொல்ல வேண்டும். கேள்வியைக் கேட்டதும் என் முகத்தில் கதவைச் சாத்தியவர்களும் உண்டு. நான் அடுத்த வீட்டுக் கதவைத் தட்டுவேன்.

பவித்ரா தண்டராம்பட்டு பக்கத்துப் பெண். தாவரவியலில் சேர்ந்திருந்தாள். அப்பா ஏழுமலை மணிலாக் கடலையும் கரும்பும் போடுகிற விவசாயி. விடுதியில் இடம் இல்லை என்று சொன்னதும் மற்ற அப்பாக்கள் மாதிரி அவர் முகம் வாடவில்லை. அவருடைய தங்கை எங்கள் ஊரையொட்டிய வேங்கிக்காலில் புது வீடு கட்டியிருந்தார். மாடியில் அறை சும்மாதான் கிடக்கிறது என்றார். அந்தத் தங்கைக்கு ஓசூரில் வேலை பார்க்கும் ஒரு மகன் இருக்கிறான் என்பதையும் அவரே பெருமையாகச் சொன்னார்.

அத்தை வீட்டில் தங்கிப் படிக்கிற பெண்ணை எங்கள் பக்கம் யாரும் விருந்தாளி என்று சொல்ல மாட்டார்கள். "என்னா, மருமக இப்பவே வந்துடுச்சா?" என்று முதல் மாதமே அக்கம்பக்கத்தில் கேட்பார்கள். தீபாவளிக்கு அத்தை புடவை எடுப்பார். படிப்பு முடிவதற்குள் யாரும் யாரிடமும் கேட்காமலேயே கல்யாணம் நிச்சயமாகிவிடும். உறவில் கட்டுவதை நான் குறை சொல்லவில்லை. நானே மாமன் மகனைக் கட்டிக்கொண்டவள்தான். என்னை ஒரு வார்த்தை கேட்டார்கள், நானும் சரி என்றேன், அவ்வளவுதான்.

முதல்வர் கேட்டார். ஏழுமலை பதில் சொன்னார்: "அத்தை வீடு இருக்கும்போது ரூம் எதுக்குங்க?" முதல்வர் தலையாட்டிவிட்டு மறுபடி கேட்டார். பவித்ரா தன் விரல்களைப் பார்த்துக்கொண்டிருந்தாள். மூன்றாவது தடவை கேட்டபோது நிமிர்ந்தாள்.

"ரூம்ல தங்கிக்கிறேன் மேடம். பாத்து வச்சிருக்கேன்."

வகுப்புத் தோழி ஒருத்தியோடு போய் அவளே ஒரு வீட்டைப் பார்த்து வைத்திருந்தாள் என்பது அப்போதுதான் அவள் அப்பாவுக்கே தெரிந்தது. அவர் கோபக்காரர் இல்லை. கொஞ்ச நேரம் துண்டை இந்தத் தோளிலிருந்து அந்தத் தோளுக்கு மாற்றிக்கொண்டிருந்தார். பிறகு சொன்னார்: "சரிங்க. ஆனா ஒண்ணு. ஒரு நாள் ரூம் இல்லன்னு இது வெளிய நின்னுதுன்னா, அன்னிக்கே அத்தை வீட்டுக்குக் கூட்டிக்கினு போயிடுவேன். அப்புறம் என்னை யாரும் ஒண்ணும் கேக்கக் கூடாது."

முதல்வர் பவித்ராவைப் பார்த்தார். அவள் சம்மதம் என்றாள். "பாத்துட்டு வாங்க" என்று என்னிடம் சொன்னார்.

அந்த வீட்டுக்காரர் கற்பகம், இட்லி மாவு அரைத்து விற்கிறவர். மாடியறை. தாழ்ப்பாள் கெட்டியாக இருந்தது, குழாயில் தண்ணீர் வந்தது. கடைசிக் கேள்வியைக் கேட்டதும் கற்பகம் கொஞ்சம் யோசித்தார். மாதம் முழுவதும் ஆள் இருக்கிற அறை அவருக்கும் தேவைதான். "பௌர்ணமிக்கும் பொண்ணுங்களுக்குத்தாங்க. தீபத்துக்கும் அப்படித்தான். ஆனா மொட்டை மாடி என்னுது, அதுல நான் யாரை வேணா படுக்க வைப்பேன்" என்றார். அதற்கு நான் ஏன் மறுப்புச் சொல்லப் போகிறேன்? பவித்ராவும் இன்னும் மூன்று பெண்களும் குடியேறினார்கள். ஆடி, ஆவணி, புரட்டாசி, ஐப்பசி எல்லாப் பௌர்ணமியும் நல்லபடியாகப் போயின. கற்பகம் முணுமுணுத்தார், ஆனால் சொன்ன சொல்லைக் காப்பாற்றினார்.

கார்த்திகை தீபம் வந்தது. தீபத்துக்கு ஊர் எப்படியிருக்கும் என்று நான் எழுத வேண்டியதில்லை. கல்லூரிக்கு விடுமுறை விடுவார்கள். பாதுகாப்புக்கு வருகிற பெண் போலீசார் தங்குவதற்கு எங்கள் விடுதியைக் கொடுத்துவிடுவோம். பிள்ளைகளை அனுப்பிவிட்டு, அறைகளைப் பூட்டி ஒப்படைத்துவிட்டு, நான் போளூரில் என் வீட்டுக்குப் போய்விடுவேன். வருடத்தில் அந்த ஒரு வாரம்தான் என் வீட்டுக்காரர் என் கையால் சாப்பிடுவார். அதையும் குறை சொல்லிக்கொண்டே சாப்பிடுவார்.

அந்த ஆண்டு பையைக் கட்டிக்கொண்டிருக்கும்போது பவித்ரா போன் செய்தாள். குரலில் அழுகை இல்லை.

"மேடம், ஓனர் அக்கா ரூம காலி பண்ணச் சொல்றாங்க. நான் சாவி குடுக்கல. உங்ககிட்ட சொல்லிடணும்னுதான் போன் பண்ணேன்."

ஊருக்குப் போய்விட்டு வந்தால் என்ன என்று கேட்டேன். மற்ற மூன்று பேரும் போய்விட்டார்களாம். ஆனால் அறையில் ஒரு சாமான் இருக்கக் கூடாது, பெட்டியையும் எடுத்துக்கொண்டு போ என்று கற்பகம் சொல்லியிருக்கிறார். "பெட்டியோட நான் ஊர்ல இறங்கினா அப்பாவுக்கு வேற ஒண்ணும் சொல்லவே தேவையில்ல மேடம்" என்றாள். தீபம் முடிந்த கையோடு அவளுக்கு முதல் செமஸ்டர் பரீட்சை வேறு.

எனக்கு வந்த கோபத்தில் போளூர் மறந்துபோயிற்று. கட்டிய பையோடு அப்படியே கிளம்பினேன். ஆட்டோ பாதி வழிக்கு மேல் போகவில்லை. கூட்டத்தோடு கூட்டமாக நடந்து கற்பகம் வீட்டுக்குப் போனபோது அவர் படிக்கட்டைக் கழுவிக்கொண்டிருந்தார்.

அவர் பக்கத்திலும் நியாயம் இருந்தது, அதையும் சொல்ல வேண்டும். நெல்லூரிலிருந்து ஒரு குடும்பம் வருடா வருடம் தீபத்துக்கு அவர் வீட்டில்தான் தங்கும். கல்லூரி விடுமுறை, பிள்ளைகள் தாமாகவே போய்விடுவார்கள், ஆக சொல் தவறியதாகாது என்று நினைத்து அவர்களை வரச் சொல்லிவிட்டார். நாலு பேரில் ஒருத்தி போக மாட்டேன் என்பாள் என்று அவர் எதிர்பார்க்கவில்லை. "நான் என்னா பொண்ணை வெளிய தள்றவளா மேடம்? ரயில் ஏறிட்டாங்க, கொழந்தைங்க வேற இருக்குது. ஒரு பொண்ணுக்காக அவங்கள ரோட்ல நிக்க வைக்கச் சொல்றீங்களா?" என்றார்.

"ஒரு பொண்ணு இல்லீங்க, ரெண்டு பேரு. நானும் இங்கதான் தங்கப் போறேன்" என்று சொல்லிவிட்டு மாடி ஏறினேன். ஏறும்போது முழங்கால் வலித்தது. திரும்பிப் பார்த்தால் பேச வேண்டியிருக்கும் என்று திரும்பாமலேயே ஏறினேன்.

மேலே பவித்ரா தரையில் நோட்டுகளைப் பரப்பி வைத்துப் படித்துக்கொண்டிருந்தாள். சாவியைக் கழுத்துச் செயினில் கோர்த்துப் போட்டிருந்தாள். என்னைப் பார்த்ததும் எழுந்து பாதிக் கட்டிலில் இருந்த துணிகளை ஒதுக்கி இடம் செய்தாள். நான் முதல்வருக்குப் போன் செய்து நடந்ததைச் சொன்னேன்.

"அந்தப் பொண்ணு என்ன சொல்றா?" என்று கேட்டார்.

"சாவி குடுக்க மாட்டேங்கறா மேடம்."

"அப்போ நீங்க கூட இருங்க. அவங்கப்பா வந்தா அவளுக்குப் பதிலா நீங்க பேசாதீங்க." என் வாயைப் பற்றி அவருக்குத் தெரியும். அதற்கு மேல் ஒன்றும் சொல்லாமல் வைத்துவிட்டார்.

நெல்லூர்க்காரர்கள் வந்தார்கள். கற்பகம் அவர்களுக்குத் தன் கூடத்தைக் கொடுத்துவிட்டு, தன் குடும்பத்தோடு மொட்டை மாடியில் தார்ப்பாய் கட்டிக்கொண்டார். என்னோடு பேசவில்லை. ஆனால் வேளா வேளைக்குக் காபி மட்டும் மேலே வந்தது. டம்ளரை நங்கென்று வைத்துவிட்டுப் போவார்.

தீபத்தன்று மத்தியானம் ஏழுமலை வந்தார். கூடவே அவர் தங்கை. தங்கை வேங்கிக்காலில் இருப்பவர். தீபத்துக்கு ரூம்களைக் காலி செய்வார்கள் என்பது ஊரில் யாருக்குத் தெரியாது? அவர்தான் அண்ணனுக்குப் போன் போட்டு வரச் சொல்லியிருந்தார். இருவரும் கூட்டத்தில் நடந்து வியர்த்து வழிந்து மாடி ஏறி வந்தார்கள். நான் உப்புமாவுக்கு வெங்காயம் அரிந்துகொண்டிருந்தேன். கட்டிலடியில் பெட்டி அப்படியே இருந்தது. கொடியில் துணிகள் தொங்கின.

"என்னா கண்ணு, இன்னும் ஒண்ணும் கட்டலியா? தெருமுனை வரைக்கும் வண்டி வராது, தூக்கிக்கினுதான் நடக்கணும்" என்றார் அத்தை. அன்பாகத்தான் சொன்னார்.

ஏழுமலை அறையைச் சுற்றிப் பார்த்தார். சத்தம் கேட்டு மொட்டை மாடியிலிருந்து இறங்கி வந்த கற்பகத்திடம் திரும்பினார். "ரூம காலி பண்ணச் சொன்னீங்களாமே?"

கற்பகம் என்னைப் பார்த்தார். அப்படியெல்லாம் இல்லை என்று ஒரு வார்த்தை சொல்லிவிடலாம் என்று நாக்கு நுனிவரை வந்தது. முதல்வர் சொன்னதற்காகப் பல்லைக் கடித்துக்கொண்டு இருந்தேன். இந்தப் பெண் மட்டும் தலை குனிந்தால் எல்லாம் இங்கேயே முடிந்துவிடும் என்று தெரிந்தது. என் வேலைக் காலத்தில் இதைவிடக் கஷ்டமாக நான் வாயை மூடிக்கொண்டு இருந்ததில்லை.

"சொன்னாங்கப்பா" என்றாள் பவித்ரா. "நான்தான் மாட்டேன்னுட்டேன்."

அவள் உட்கார்ந்த இடத்திலிருந்து எழுந்திருக்கவில்லை.

"ரூம் இல்லன்னு வெளிய நின்னாத்தானே கூட்டிக்கினு போறேன்னீங்க? நான் வெளிய நிக்கல. உள்ளதான் இருக்கேன். வெள்ளிக்கெழம பரீட்சை, படிச்சிக்கினு இருக்கேன்." அத்தையைப் பார்த்தாள். "உங்க வீட்டுக்கு வருவேன் அத்தே. லீவு விட்டா வந்து சாப்பிட்டுட்டுப் போவேன். பெட்டிய எடுத்துக்கினு வர மாட்டேன்."

"பாத்தியாண்ணா, என்னா பேச்சு பேசுது" என்றார் அத்தை. அவருக்கு முகம் சிவந்துவிட்டது. பெட்டியோடு வர மாட்டேன் என்றால் என்ன பொருள் என்று அங்கிருந்த எல்லோருக்கும் புரிந்தது.

ஏழுமலை மகளையே பார்த்துக்கொண்டிருந்தார். நான் வெங்காயத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன். கீழே தெருவில் கூட்டத்தின் சத்தம் ஓயாமல் வந்துகொண்டிருந்தது. கடைசியில் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டு தங்கையிடம் சொன்னார்: "சொன்ன சொல்லுன்னு ஒண்ணு இருக்குது இல்ல. பொண்ணு ரூம்லதான் இருக்குது. படிக்கட்டும், வா."

கற்பகம் அவர்களை வெறும் வயிற்றோடு விடவில்லை. என் கையிலிருந்த வெங்காயத்தைப் பிடுங்கிக்கொண்டு போய் அவரே சமைத்து எல்லோருக்கும் போட்டார். நான் சமைத்திருந்தால் அத்தையின் கோபம் இன்னும் கொஞ்சம் கூடியிருக்கும் என்று என் வீட்டுக்காரர் பிறகு சொன்னார். சாயங்காலம் மலை உச்சியில் தீபம் ஏற்றியபோது ஊரே அரோகரா என்று கத்தியது. பவித்ரா மொட்டை மாடிக்கு வந்து கும்பிட்டுவிட்டு, உடனே கீழே போய் நோட்டை எடுத்தாள். எனக்கு அழுகை வந்தது, வெட்கப்படாமல் அழுதேன். எத்தனையோ பிள்ளைகளுக்கு இடம் பார்த்துக் கொடுத்திருக்கிறேன். தன் இடத்தில் இப்படி உட்கார்ந்திருந்தவளை அன்றுதான் பார்த்தேன்.

புதுக் காப்பாளருக்குச் சொல்ல வேண்டியது கொஞ்சம்தான். போனில் கட்டில் பச்சையாவது நல்ல வசதி, வேண்டாம் என்று சொல்ல மாட்டேன். ஆனால் அந்த விரல் யாருடையது என்று போனுக்குத் தெரியாது. பிள்ளையைக் கூப்பிட்டு உட்கார வைத்து, எங்கே தங்கப் போகிறாய் என்று ஒரு தடவை நேரில் கேளுங்கள். அவள் வாய் திறக்கும்வரை காத்திருங்கள். வரிசை நிற்கட்டும், முணுமுணுக்கட்டும். படம் போடுகிற ஒவ்வொரு வீட்டுக்காரரிடமும் பௌர்ணமியைப் பற்றிக் கேளுங்கள், தீபத்தைப் பற்றித் தனியாகக் கேளுங்கள். சொல் தவறினால் பையைத் தூக்கிக்கொண்டு போய் நிற்கவும் தயாராக இருங்கள்.

பவித்ரா மூன்றாம் ஆண்டு படிக்கும்போது அவள் அத்தை மகனுக்குச் செங்கத்தில் பெண் அமைந்தது. பத்திரிகையை ஏழுமலையே கொண்டுவந்து எனக்கு வைத்தார். வேங்கிக்கால் மண்டபத்தில் வரவேற்பு. பவித்ரா பட்டுப் பாவாடை தாவணியில் வந்து, மணமக்களோடு படம் எடுத்துக்கொண்டு, பந்தியில் என் பக்கத்தில் உட்கார்ந்து இரண்டாவது தடவை பாயசம் கேட்டு வாங்கிக் குடித்தாள். கிளம்பும்போது அத்தை ஓடிவந்து அவள் கையைப் பிடித்துக்கொண்டார். பழைய வருத்தம் ஒன்றும் அந்த முகத்தில் இல்லை. "இருட்டிப் போச்சு கண்ணு, வீடு இங்கதானே இருக்குது, தங்கிட்டு காலைல போயேன்" என்றார்.

"ரூம் இருக்குது அத்தே" என்று சொல்லிவிட்டு, பவித்ரா செருப்பைத் தேட ஆரம்பித்தாள்.